ஈ பறக்காத நாட்கள்

மாமனார் நோயல் அனுப்பிய படத்தில் மூன்று பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. மூன்றும் காலி. ஒன்றின் அடியில் மட்டும் செத்த எறும்பு கிடந்தது. படத்துக்குக் கீழே ஒரு வரி: "ஈ இல்ல மாப்ளே. பறிக்கவா, விடவா?"

கில்பர்ட் அப்போது அலுவலகத்தில் இருந்தான். அல்சூர் ஏரியைப் பார்த்த கட்டடம்; ஆனால் ஏசி போட்டுக் கண்ணாடியை இறுக மூடி, அதன்மேல் திரையும் தொங்கவிட்ட அறை. வெளியே மழையா வெயிலா என்று தெரிய வேண்டுமானால் கணினியைத்தான் பார்க்க வேண்டும். அவனுக்கு அதுதான் வேலையும். மழை, வெப்பம், காற்றின் ஈரம், தோட்டங்களில் தொங்கும் டப்பாக்களில் விழுந்த பழ ஈக்களின் எண்ணிக்கை, எல்லாவற்றையும் சேர்த்து, எந்தத் தாலுகாவில் எப்போது ஈ பெருகும் என்று கணித்து, மாவும் கொய்யாவும் போட்டவர்களுக்குக் கன்னடத்தில் குறுஞ்செய்தி அனுப்பும் சின்ன நிறுவனம் அது. கணிப்பது கில்பர்ட்.

திரையில் ஹோஸ்கோட்டே பக்கத்தைத் திறந்தான். ஒரு வாரத்துக்கு மேலாக மேகமூட்டம், தூறல், மேற்கிலிருந்து விடாத காற்று. எல்லாத் தோட்டங்களிலும் டப்பாக்கள் கிட்டத்தட்டக் காலி. "இன்னும் விடலாம் மாமா" என்று பதில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான்.

வேறு வருஷமாக இருந்தால் இது பெரிய விஷயமே இல்லை. நோயலின் தோட்டம் சின்னது. விமானத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றபோது ஹோஸ்கோட்டே தாண்டி வாங்கிப் போட்ட நிலம். பழத்தைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை அங்கேயே யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். இந்த வருஷம் அந்தப் பழங்களுக்கு வேறு வேலை இருந்தது. ஜூன் கடைசி ஞாயிறு, அவர் மகளும் கில்பர்ட்டின் மனைவியுமான ஐரினுடைய முதல் வருஷ நினைவுப் பூசை.

மர்பி டவுனில் அவர்கள் பங்குக் கோயிலில், வருஷப் பூசைக்கு வந்தவர்களை யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. வாசலில் நின்று பன்னும் வாழைப்பழமும் கொடுப்பார்கள். வசதிப்பட்டவர்கள் கேக் கொடுப்பார்கள். நோயல் மாம்பழம் என்று சொல்லிவிட்டார். பி.யூ.சி. படிக்கும்போது ஐரின் அவரோடு சேர்ந்து குழி வெட்டி நட்ட மல்லிகா மாமரங்கள் ஒரு வரிசை இருக்கின்றன. "ஆளுக்கு ஒரு முழுப் பழம். மரத்துலயே பழுத்தது. அவ அப்படித்தான் சாப்பிடுவா" என்று பங்குச் சாமியாரிடமும் சொல்லி, பூசை அறிவிப்பிலும் வாசிக்க வைத்துவிட்டார்.

ஐரினுக்கு டெங்கு. போன வருஷம் முதல் மழை விட்ட வாரத்தில் காய்ச்சல் வந்தது. அந்த வாரமே முடிந்துபோனது. கில்பர்ட் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டான். பெட்டிக்கு அளவு சொன்னான். கல்லறையில் ஒரு பிடி மண் போட்டான். எட்டாம் நாள் பூசை முடிந்ததும் வேலைக்குப் போனான். ஒருமுறையும் அழவில்லை.

அவளுடைய அம்மா மௌரீன் அதைக் கவனித்தாள். அதுவரை கில்பர்ட்டிடம் "வா, போ, சாப்பிடு" என்றவள், "வாங்க, சாப்பிட்டீங்களா" என்று ஆரம்பித்தாள். இரண்டு சந்து தள்ளி ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்த கில்பர்ட், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போவான். விருந்தாளிக்கு எடுக்கும் கண்ணாடி டம்ளரில் அவனுக்குத் தண்ணீர் வந்தது.

தோட்டத்துக்கு மட்டும் அவன் அதன்பின் போகவில்லை. டப்பாக்களைப் படம் எடுத்து நோயல் அனுப்புவார். இவன் பதில் போடுவான்.

மே மாதம் அந்தப் படங்கள் இப்படி இருக்கவில்லை. ஏப்ரல் முழுக்க மண் செங்கல்லாகக் காய்ந்து கிடந்தது. பழ ஈயின் கூட்டுப்புழு மரத்தடி மண்ணுக்குள்தான் இருக்கும். மண் இறுகிக் கிடக்கும்வரை அதில் முக்கால்வாசிக்கு வெளியே வர வழியில்லை. மே தொடக்கத்தில் இரண்டு மழை நன்றாகப் பெய்தது. மண் இளகியது. மாசம் பாதி போனதும் டப்பாக்களில் ஈ கொத்துக் கொத்தாக விழுந்தது. கில்பர்ட் சொன்னதையெல்லாம் நோயல் ஜெபமாலை உருட்டுகிற ஒழுங்கோடு செய்தார். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைத்தார். மரத்தடியைக் கொத்திவிட்டார். வாசனையால் ஈயை இழுக்க டப்பாவுக்குள் தொங்கும் மருந்துக்கட்டையை வாரம் தவறாமல் பார்த்தார். ஜூனில் காற்று வந்து, தூறல் வந்து, டப்பா காலியானபோது தன் உழைப்புக்குக் கிடைத்த பலன் என்று நம்பினார்.

கில்பர்ட்டாவது அப்படி நம்பியிருக்கக் கூடாது. குளிரும் காற்றும் அடித்தால் ஈ பறக்காது என்பது அவன் கல்லூரியிலேயே படித்தது. அவனே புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. ஆனால் அன்றைக்குத் திரையில் பூஜ்யத்தைப் பார்த்ததும் அதைத் தாண்டி யோசிக்கவில்லை. பூஜ்யம் நிம்மதியாக இருந்தது. அதை யாரும் மேற்கொண்டு கிளற வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் வந்தது. மர்பி டவுன் சந்து முழுக்கக் கைப்பிடிச் சுவர்களில் மெத்தையும் தலையணையும் ஏறின. கில்பர்ட் மாடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான். கழுத்தின் பின்பக்கம் வெயில் சுட்டது. ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று பிடிபடுவதற்குள் கைபேசி அடித்தது. நோயல் விடியற்காலையிலேயே தோட்டத்துக்குப் போயிருந்தார்.

"மாப்ளே, டப்பா கருப்பாயிடுச்சு."

"எது?"

"எல்லாம். நான் பார்த்துட்டு இருக்கும்போதே உள்ள போகுது. முந்தாநாள் வரைக்கும் ஒண்ணுகூட இல்லையே! எங்கருந்துடா வந்துது?"

கில்பர்ட் வாயிலிருந்த நுரையைத் துப்பினான். "வர்றேன் மாமா" என்றான்.

ஹோஸ்கோட்டே வரை லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் போனான். தோட்டத்து வாசலில் முனிராஜ் நின்றிருந்தார். பக்கத்துக் கொய்யாத் தோட்டக்காரர். நோயல் இல்லாதபோது அவர் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறவர். கன்னடத்துக்காரர். தமிழில் பேசுவார், பாதி வழியில் கன்னடத்துக்கு மாறிவிடுவார்.

"வாங்க அளியந்திரே" என்றார். அந்த ஊரில் மருமகனை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஃபோன்லயே தோட்டம் பண்ணிடலாம்னு இருந்தீங்க, இன்னிக்குக் கால் மண்ணுல பட்டுச்சே."

"உங்க கொய்யா எப்படி?"

"அய்யோ விடுங்க, அது போச்சு. பாதிக்கு மேல புழு. உங்க கம்பெனி மெசேஜ் வந்துச்சே, ஈ கம்மின்னு. நான் நல்லாத் தூங்கிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பில் கோபம் இருந்ததா என்று கில்பர்ட்டுக்குத் தெரியவில்லை. அந்த மெசேஜும் அவன் அனுப்பியதுதான்.

நோயல் மல்லிகா வரிசையில், முதல் மரத்தடியில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, தோட்டத்துக்கும் இஸ்திரி போட்டுத்தான் வருவார். கில்பர்ட் ஒரு காயைப் பறித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். தோலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. அதிலிருந்து வடிந்த பால் காய்ந்து பளபளத்தது. அடுத்த காயிலும் இருந்தது. அதற்கடுத்ததில் இல்லை. பிறகு இரண்டில் இருந்தது.

பேனாக்கத்தியால் புள்ளியை ஒட்டித் தோலைச் சீவினான். அடியில் வெள்ளையாக, பொடி நூலை நறுக்கிப்போட்ட மாதிரி முட்டைகள்.

"இதுதானா?" என்றார் நோயல்.

"இதுதான் மாமா. டப்பாவுக்கு ஆண் ஈதான் வரும். பெண் ஈ வராது. அது காயிலயே இருக்கும்."

"நம்ம வீட்டு மாதிரியே" என்றார் முனிராஜ். "ஆம்பளைங்க வாசனை பிடிச்சுக்கிட்டு ஊர் சுத்துறது, பொம்பளைங்க உள்ள வேலை பாக்கறது."

நோயல் சிரிக்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த பழக்கூடையின் மேல் உட்கார்ந்தார்.

"நீதானே விடலாம்னு சொன்ன."

"ஆமா மாமா."

"ஏன் சொன்ன?"

"டப்பா காலியா இருந்துச்சு. குளிர் காத்துல ஈ பறக்காது, இலைக்கடியில உக்காந்துக்கும். டப்பா காலியா இருக்குன்னா ஈ இல்லைன்னு அர்த்தம் இல்ல. எனக்குத் தெரியும். யோசிக்காம சொல்லிட்டேன்."

நோயல் அவனையே பார்த்தார். இன்னும் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தார். அவன் பேனாக்கத்தியைத் துடைத்து மடக்கினான்.

"டாக்டர்கிட்டயும் நீ இப்படித்தான் பேசின" என்றார். "கேட்டதுக்குப் பதில். அதுக்குமேல ஒரு வார்த்தை கிடையாது."

கில்பர்ட் டப்பாவைக் கழற்ற மரத்தருகே போனான். மூடியைத் திருகியபோது மருந்துக்கட்டை விரலில் பட்டது. கிராம்பு மாதிரி வாசனை. மூடுவதற்குள் இரண்டு ஈக்கள் வந்து அவன் மணிக்கட்டில் உட்கார்ந்தன. மஞ்சள் வரி போட்ட, மெலிந்த இடுப்புள்ள ஈக்கள். கையை உதறினான். திரும்பவும் வந்தன.

கல்யாணமான புதிதில் அவன் தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிற வேலையில் இருந்தான். சட்டையெல்லாம் இந்த வாசனை ஏறியிருக்கும். ஒருநாள் மாடி வராந்தாவரை ஈ பின்னாலேயே வந்துவிட்டது. ஐரின் முறத்தை எடுத்து விரட்டினாள். "எம் புருஷனைத் தேடி வர்றதெல்லாம் ஆம்பளைங்களாவே இருக்குதே ஏசப்பா!" என்று சந்துக்கே கேட்கும்படி கத்தினாள். அந்தக் குரல் அப்படியே ஞாபகம் வந்தது. நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. ஈ மட்டும் கையில் நகர்ந்தது.

"மாமா" என்றான் திரும்பி. "காய் முத்தியிருக்கு. இன்னிக்கே எல்லாத்தையும் பறிச்சிடலாம். வெந்நீர்ல ஊற வச்சா தோலுக்கடியில இருக்கறது செத்துடும். பழம் வேகாது. பூசைக்குள்ள வைக்கோல்ல பழுத்துடும்."

"வெந்நீர்னா எவ்வளவு சூடு?"

"கை விடலாம், ரொம்ப நேரம் வச்சிருக்க முடியாது. நாற்பத்தெட்டு டிகிரி. ஒரு மணி நேரம் அதே சூட்டுல நிக்கணும். ஏறிச்சுன்னா பழம் வெந்துடும். இறங்கிச்சுன்னா முட்டை பொழைச்சுக்கும்."

"மரத்துல பழுத்ததுன்னு சொல்லிட்டனே. கோயில்ல வாசிச்சுட்டாங்களே."

"மரத்துல விட்டா புழுதான் சார் பழுக்கும்" என்றார் முனிராஜ், இந்தத் தடவை சிரிக்காமல்.

நோயல் எழுந்து இஸ்திரிச் சட்டையின் கையை மடித்தார். "பறிங்க" என்றார்.

அவ்வளவு பழத்தை ஊறவைக்க வீட்டில் பாத்திரம் கிடையாது. மௌரீனின் அண்ணன் மகன் ஜாய்சன், மர்பி டவுனில் கல்யாணங்களுக்குப் பிரியாணி போடுகிறவன். அவன் கொட்டகையில் ஆள் இறங்கி நிற்கக்கூடிய தேக்சா அண்டாக்கள் இருந்தன. மறுநாள் காலை, பெரியதில் தண்ணீர் நிரப்பி விறகு மூட்டினார்கள். கில்பர்ட் அலுவலகத்துக்கு லீவு சொல்லியிருந்தான். சொல்வதற்கு முன் விவசாயிகளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினான்: முன்பு ஈ குறைவு என்று சொன்னது தவறு, காயைப் பறித்துத் தோலைப் பாருங்கள். மேலாளர் கூப்பிட்டார். அவன் எடுக்கவில்லை.

வெயில் ஒரே நாளோடு போய்விட்டது. மறுபடி மேகம், மறுபடி தூறல்.

"மச்சான், இந்தத் தேக்சால ஆடு இறங்கியிருக்கு, கோழி இறங்கியிருக்கு" என்றான் ஜாய்சன். "மாங்காயைக் குளிப்பாட்டறது இதான் ஃபர்ஸ்ட் டைம். சோப்பு வேணுமா?"

வெங்காய மூட்டை வலைகளில் காய்களைக் கட்டி இறக்கினார்கள். கில்பர்ட் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு நின்றான். சூடு ஏறினால் ஒரு கட்டையை வெளியே இழுக்க வேண்டும். இறங்கினால் உள்ளே தள்ள வேண்டும். கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போயிற்று. நோயல் அடுத்த கூடையைக் கொண்டுவரப் போனபோது கில்பர்ட் அவருக்கு ஒரு கை கொடுக்க நகர்ந்தான். ஜாய்சனுக்கு நெருப்பு அணைகிற மாதிரி தெரிந்தது. பிரியாணிக்காரன் கை. இரண்டு கட்டைகளை உள்ளே தள்ளி ஊதினான்.

கில்பர்ட் திரும்பி வந்து பார்த்தான். அளவு கடந்துபோயிருந்தது.

"எடுடா கட்டையை!"

அந்தக் கத்தலில் சந்தே நின்றது. எதிர்வீட்டில் துணி உதறிக்கொண்டிருந்த பெண் அப்படியே கையை நிறுத்தினாள். கில்பர்ட் எரிகிற கட்டையைக் கையாலேயே பிடித்து இழுத்தான். வலையைத் தூக்கினான். காய்களின் தோல் பழுப்பாகச் சுருங்கி வெந்துபோயிருந்தது. "எதுக்குடா தொட்ட? யாரு உன்னைத் தொடச் சொன்னது? அவ மரம்டா இது! அவ நட்டது!" வார்த்தைகள் அவன் கட்டுப்பாட்டில் இல்லை. குரல் உடைந்து கீச்சென்று போயிற்று.

ஜாய்சன் கட்டையும் கையுமாக நின்றான். "தெரியாம பண்ணிட்டேன் மச்சான். சாரி மச்சான்."

கில்பர்ட் மூச்சு வாங்கினான். வலையைக் கீழே வைத்துவிட்டு, "பரவால்ல" என்றான். "தண்ணி மாத்தலாம்."

வாசலில் மௌரீன் குடையோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. வெந்த காய்களையும் பார்த்தாள், அவன் கையையும் பார்த்தாள். உள்ளே வந்து, வெங்காயம் உரிக்கிறவர்கள் உட்காரும் மணையை இழுத்துப்போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாவது வலை இறங்கியது.

"எவ்வளவு நேரம் நிக்கணும் நீங்க?"

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு மணி நேரம் அத்தை."

"கை சுட்டிருக்கே."

"அப்புறம் பார்த்துக்கலாம்."

விறகு புகைந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "ஐரின் டாடி சொன்னாரு. டப்பா காலியா இருந்துச்சாமே. அப்ப அந்த ஈயெல்லாம் எங்க இருந்துச்சு?"

"அங்கயேதான் அத்தை. மரத்துல, இலைக்கடியில. காத்தும் குளிருமா இருந்தா அசையாது. பறக்காது. அதனால டப்பாவுக்கு வராது."

"சாகல."

"சாகல. நல்லாக் கொட்டற மழை பெய்ஞ்சா மண்ணுக்குள்ள இருக்கறது கொஞ்சம் சாகும். இந்தத் தூறலுக்கு ஒண்ணும் ஆகாது. ஒருநாள் வெயில் அடிச்சாப் போதும்."

"வெளியிலருந்து பார்க்கறவங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

தூறல் கொட்டகையின் தகர விளிம்பைத் தாண்டிச் சாய்வாக அடிக்கத் தொடங்கியது. அவன் தோள் நனைந்தது. தெர்மாமீட்டரை விட்டு அவன் நகரவில்லை. மௌரீன் எழுந்து குடையை விரித்து அவன் தலைக்கு மேல் பிடித்தாள். வலை ஏறும்வரை பிடித்தபடியே நின்றாள். ஜாய்சன் மருந்துக்கடையிலிருந்து தீப்புண் களிம்பு வாங்கி வந்து, கில்பர்ட்டின் சட்டைப்பைக்குள் போட்டான்.

காய்களை ஐரினுடைய பழைய அறையில் வைக்கோல் பரப்பி அடுக்கினார்கள். கில்பர்ட் தினமும் அலுவலகம் முடிந்து வந்து அவற்றைப் புரட்டிப்போட்டான். மேலாளர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு, காற்றையும் கணக்கில் சேர்க்கச் சொன்னார். முனிராஜ் ஃபோன் செய்து, மிச்சமிருந்த கொய்யாவை இப்போது பார்த்துப் பார்த்துப் பறிப்பதாகச் சொன்னார். நான்கைந்து நாளில் அறையில் வாசனை கிளம்பியது. ஒரு வாரத்தில் வீடு முழுக்க அதே வாசனைதான். ஐரினின் பள்ளிக்கூடப் படம் மாட்டிய சுவருக்குக் கீழே பழங்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

பூசைக்கு முந்தின நாள் நோயல் அந்த அறை வாசலில் நின்று கேட்டார். "இதுல பூச்சி இருக்காது, இல்ல?"

கில்பர்ட் ஒரு பழத்தைக் கையில் வைத்திருந்தான். இருக்காது என்று சொல்லியிருக்கலாம். கிழவர் இரவு தூங்கியிருப்பார்.

"பெரும்பாலும் இருக்காது மாமா. நாம பறிக்கறதுக்கு முன்னாடியே புழுவாகி உள்ள போயிருந்தா, அது எவ்வளவு சேதம் பண்ணுச்சோ அது அப்படியேதான் இருக்கும். வெளியிலருந்து எனக்குத் தெரியாது."

"கோயில் வாசல்ல ஒரு குழந்தை கடிச்சு, உள்ள அழுகியிருந்தா?" நோயல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அவ பேரைச் சொல்லிக் கொடுக்கறோம். பத்து வருஷத்துக்கு இதையேதான் பேசுவாங்க. ஐரின் பூசையில புழுப் பழம் கொடுத்தாங்கன்னு."

சமையலறையிலிருந்து மௌரீனின் குரல் வந்தது. "முழுப் பழம் எதுக்குக் கொடுக்கணும்? நறுக்கிக் கொடுப்போம். ஒண்ணு விடாம வெட்டிப் பார்த்துட்டுக் கொடுப்போம்."

"ஆளுக்கு ஒரு பழம்னு சொல்லியிருக்கேன் மௌரீன்."

"ஆளுக்கு ரெண்டு துண்டு. உங்க பொண்ணு எப்பவாவது யாருக்காவது முழுப் பழம் கொடுத்திருக்காளா? பழத்தோட ரெண்டு கன்னத்தையும் நமக்கு வெட்டிக் கொடுத்துட்டுக் கொட்டையை அவ எடுத்துக்குவா. கேட்டா சண்டைக்கு வருவா."

நோயல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. பாதியில் அது இருமலாகிப் போனது.

ஞாயிறு காலை, கோயிலுக்குப் பக்கவாட்டில் இருந்த கூடத்தில் மேசை போட்டு, சொந்தக்காரப் பெண்கள் நறுக்க உட்கார்ந்துவிட்டார்கள். பூசையில் சாமியார் ஐரினின் பெயரை வாசித்தார். கில்பர்ட் எல்லோரோடும் எழுந்தான், உட்கார்ந்தான், முழங்காலிட்டான். பூசை முடிந்ததும் வரிசை எதிர்பார்த்ததைவிட நீண்டது. நறுக்க ஆள் போதவில்லை. மௌரீன் ஒரு கத்தியை அவனிடம் நீட்டினாள். அவன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

சில பழங்கள் மோசமாகத்தான் இருந்தன. கத்தி இறங்கியதும் உள்ளே பழுப்பாகக் குழைந்து, கொட்டைவரை போயிருந்தது. அவை சத்தமில்லாமல் மேசைக்கடியில் இருந்த வாளிக்குள் விழுந்தன. ஆனால் வாளி நிரம்பவில்லை. தட்டுகள்தான் நிரம்பின. வாசலில் நோயல் ஒவ்வொருவரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "வெட்டிப் பார்த்தாச்சு, தைரியமாச் சாப்பிடுங்க. எம் பொண்ணு நட்ட மரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைகள் ஒருமுறை வாங்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றன.

கில்பர்ட் எடுத்த ஒரு பழத்தில் அந்த ஊசிப் புள்ளி இருந்தது. புள்ளிக்கு நேராக வெட்டினான். தோலுக்கடியில் நூல் மாதிரி ஒரு பழுப்புக் கோடு கிளம்பி, அரிசி நீளம் போய், அங்கேயே நின்றிருந்தது. அதற்கப்பால் எல்லாம் மஞ்சள். அந்த இடம்வரை புழு உயிரோடு இருந்தது, அங்கேதான் வெந்நீர் அதை நிறுத்தியது. அவன் கோட்டைச் சுரண்டி எடுத்தான். தட்டில் வைக்க மனமில்லை. வாளியில் போடவும் மனமில்லை.

ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டான்.

இந்த வருஷத்தின் முதல் மாம்பழம் அது. வெந்நீரில் வெந்த ருசி இல்லை. வைக்கோல் வாசனை இல்லை. போன வருஷத்துக்கு முந்தின ஜூனில் மரத்தடியில் நின்று தின்றபோது இருந்த அதே ருசி. அன்று ஐரின் கொட்டையைச் சப்பிக்கொண்டு, முழங்கைவரை சாறு ஒழுக, ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை. வரவே இல்லை. கத்தியைக் கீழே வைத்தான். தோள் குலுங்கத் தொடங்கியது. வாயில் பழத்தோடு, சத்தமே எழாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதான்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வேகவேகமாக நறுக்கினார்கள்.

மௌரீன் நிமிர்ந்து பார்த்தாள். அவன் முன்னால் கிடந்த பழத்தை எடுத்து, மிச்சக் கன்னத்தை வெட்டித் தட்டில் போட்டாள். கொட்டையை அவன் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"சாப்பிடு" என்றாள். "கொட்டையை வீணாக்காத."

அவன் சாப்பிட்டான். சாறு மணிக்கட்டில் இறங்கி, தீப்புண்ணில் பட்டு எரிந்தது. வாசலில் யாரோ தட்டு தீர்ந்துவிட்டது என்று கத்தினார்கள். கொட்டை வாயில் இருக்க, இன்னொரு கையால் அவன் தட்டை நகர்த்திவிட்டான்.